வரிசையாக வந்த மூன்று கப்பல்கள்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கடலில் படகு ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குப் போகிறோம். பட்டுக்கோட்டை வந்து பஸ் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கை விடிவதற்கு முன்பே ஏற்றி, அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

நாலு மணி நேரம் படுக்கை. இடது கையில் ஊசி இருக்கும், அசைக்கக் கூடாது. வலது கையில் இரண்டு விரல் எப்போதோ படகுக் கயிற்றில் சிக்கிப் போய்விட்டது. அதனால் போனை நான்தான் பிடித்துக்கொள்வேன். அவர் சொல்லச் சொல்ல நான் தொடுவேன். எட்டாவதோடு நின்ற எனக்குப் போனில் ஆடும் கப்பல் சண்டை விளையாட்டு தெரிந்தது இப்படித்தான்.

ஆரம்பத்தில் அவர் வர மாட்டேன் என்று அடம் பிடித்தார். "செத்தா வூட்டுலயே சாவுறேன், என்னை ஏன் இழுத்தடிக்கிற?" என்பார். எதிர்ப் படுக்கையில் ஒருவர் இறந்துபோன வாரம் இரண்டு முறை வராமலே இருந்துவிட்டார். மூச்சு முட்டி, கால் வீங்கி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவரை ஒழுங்காக வரவைத்தது பக்கத்துப் படுக்கைக்காரர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நெல் விவசாயம். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை என்பார். கும்பகோணத்தில் இருக்கும் அவர் மகள் அந்த விளையாட்டை அவர் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். எங்கள் போனிலும் ஏற்றினார்கள். பாய்மரக் கப்பல்கள். பெரிய கப்பல் என்றால் மூன்று எடுக்கலாம், சின்னது என்றால் ஏழு. ஒருவர் ஒரு முறை நகர்த்தினால் அடுத்தவர் நகர்த்த வேண்டும்.

விவசாயி எப்போதும் பெரியது மூன்று. இவர் எப்போதும் சின்னது ஏழு. திரையின் மூலையில் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று அம்புக்குறி காட்டும். இவர் முதலில் அதைத்தான் கேட்பார். "வாடையா? அப்ப வடக்கால ஏறிக்க. மொதல்ல பாயைக் கிழி. பாய் போச்சுன்னா எவ்வளவு பெரிய கப்பலும் கட்டிப்போட்ட மாடுதான். அப்புறம் பின்னால போ, பின்னால பீரங்கி கிடையாது."

விவசாயியோ மூன்று கப்பலையும் பக்கம் பக்கமாக ஒரே வரிசையில் நிறுத்தி நேராக ஓட்டி வருவார்.

"என்ன மிராசு, அறுப்புக்கு ஆள் எறக்குன மாதிரி வர்றீங்க? பீரங்கி பக்கவாட்டுல இருக்கு, மூஞ்சில இல்ல!"

"வரிசை கலைஞ்சா வேலை கெடும் கடக்கரையாரே. உங்க பொடி மீன் ஏழும் என் கப்பலுக்கு ஒரு வாய்."

"வாய் இருக்கு. அது திரும்புறதுக்குள்ள விடிஞ்சிரும்."

நர்ஸ் வந்து, "ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறுது, போனை வைங்க" என்று திட்டுவாள். விவசாயி தோற்றாலும் திரும்ப மாட்டார். இரண்டு கப்பல் மூழ்கினாலும் மூன்றாவதை அப்படியே முட்டவிடுவார். அவருக்கு மயக்கமாக வந்தால் மிச்ச ஆட்டத்தை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி ஆடுவாள். என்னை அக்கா என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். "நேத்து போயிட்டாருக்கா" என்றாள். பிறகு அவளேதான் கேட்டாள்: "அண்ணனுக்கு இப்பச் சொல்லாதீங்க. வர்றத நிறுத்திருவாங்க. எங்க வூட்டுக்காரரு போன் எங்கிட்ட இருக்கு. நான் ஆடுறேன்."

காரியம்கூட முடியவில்லை. அந்த நேரத்தில் என் புருஷனை நினைத்தாளே என்று நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். திங்கட்கிழமை இவரிடம், "அவரு கும்பகோணத்துல மக வீட்டுக்குப் போயிட்டாராம், இனிமே அங்கேயே பண்ணிக்கிறாராம்" என்று சொன்னேன். பொய் சொன்ன வாயால் அன்று அம்மன் பேரைச் சொல்லக் கூசியது.

"சொல்லாமப் போயிட்டாரா, மிராசு?" என்றார். அப்போது போனில் கப்பல்கள் வந்தன. பெரியது மூன்று, ஒரே வரிசை. அவர் முகம் தெளிந்தது. எனக்கு உயிர் வந்தது.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. போனில் மிராசு பேசாததற்கு, தொண்டை சரியில்லையாம் என்றேன். பக்கத்துப் படுக்கையில் வேறு யாரோ வந்து படுத்தார்கள்.

ஒரு புதன்கிழமை. ஆட்டம் பாதியில் இருந்தது. நம் கப்பல் ஒன்று எதிர் வரிசையில் ஓரத்துக் கப்பலை அடித்தது. உடனே மூன்றும் திரும்பி விலகி ஓடின. இவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்:

"இந்தா, மிராசு எப்பப் போனாரு?"

"கும்பகோணத்துக்கா? அது..."

"அத கேக்கல."

போனைப் படுக்கை ஓரத்தில் வைத்தேன்.

"வரிசை அவரு மாதிரியேதான் இருக்கு. ஆனா ஒண்ணுல அடி பட்ட உடனே மூணையும் திருப்பிடுது. நானும் ரொம்ப நாளாப் பாக்குறேன். முழுகுறதப் பாக்க முடியாத ஆளு ஆடுது. அந்தத் தங்கச்சிதானே?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. நான் முந்தானையால் துடைத்தேன். வியாழக்கிழமை அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வர மாட்டார் என்றே முடிவு செய்துகொண்டேன். விளக்கு ஏற்றும்போது, தாயே, நான் சொன்ன பொய்க்கு அவரை எடுத்துக்கொள்ளாதே என்று மட்டும் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"பஸ்ஸு போயிரும், வா. அந்தப் புள்ள போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எனக்குத் தெரியும்னு அதுக்கிட்ட சொல்லாத."

அன்று ஊசி ஏற்றியதும், "கப்பல் எடு" என்றார். ஏழு எடுத்தேன். எதிரே மூன்றும் வரிசையாக வந்தன. காற்று நமக்குச் சாதகமாக இருந்தது. பின்னால் போய் அடிக்க வழி திறந்தே கிடந்தது. என் விரல் அங்கே போயிற்று.

"அடிக்காத" என்றார். "முன்னால வெச்சு வெறுமன சுத்திக்கிட்டு இரு. அதுல ஒண்ணுகூட இன்னிக்கு முழுகக் கூடாது."

நாலு மணி நேரமும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தோம். மெஷின் நிற்கும்போது எண்ணிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.