முன் படம், பின் படம்

போன வாரம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். டாக்டர் படிப்பு முடித்தவள். தோல் மருத்துவ மேற்படிப்புக்குத் தயாராகிறாளாம். "சீட் கெடைக்க என்னென்ன கத்துக்கணும் மேடம்?" என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள். நானும் பெரிய மனுஷி தோரணையில் அடுக்கினேன். தினமும் பழைய கேள்வித்தாள் போட்டுப் பார், தோலை நல்ல வெளிச்சத்தில் பார், கூசாமல் தொட்டுப் பார், முன்னும் பின்னும் படம் எடுத்து வை. படம் என்றதும் எனக்கு நாக்கு தடுமாறியது. அவள் கவனிக்கவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு, கோவில்பட்டியில் வீட்டோடு இருந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தோல் படிப்பு என்றால் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். ரத்தம் கிடையாது, அவசரம் கிடையாது, பெண்பிள்ளைக்கு லாயக்கு என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். காலையில் ஒரு தோல் டாக்டரிடம் போய் உட்காருவேன். படையைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய முதுகில் மருந்துப் பட்டை ஒட்டிப் பார்ப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். மதியத்துக்கு மேல் மாடியில் புத்தகம். ஜன்னலைத் திறந்தால் கந்தகமும் பசையும் கலந்த வாசனை குப்பென்று வரும். கீழே எங்கள் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்பாதான் முதலாளி.

அந்த வாசனையோடு கோமதியக்காவும் வந்துவிடுவாள். பெட்டி அடைப்பது அவள் வேலை. மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளை ஒரு பிடி அள்ளினால் ஒரு பெட்டிக்குச் சரியாக இருக்கும். எண்ணவே மாட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் கைதான் சோறு. ஒருநாள் அந்தக் கையில் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். விரல் நுனியெல்லாம் வெடித்து நீர் கசிந்தது.

"ஒண்ணுமில்ல பாப்பா, வெடிப்புதான். தேங்கா எண்ணெ தடவுதேன்" என்றாள்.

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது சந்தோஷம். புத்தகத்தில் இருந்த படம் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறதே. மதுரையில் தோல் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடக்கவிருந்தது. என்னைப் போன்ற கத்துக்குட்டிகளும் ஒரு கேஸ் சொல்லலாம், பெரியவர்கள் கண்ணில் படலாம். அன்றே அவள் முதுகில் பட்டைகளை ஒட்டினேன். இரண்டு நாள் குளிக்கக்கூடாது. நல்ல சித்திரை வெயில். மறுநாளே வந்துவிட்டாள்.

"முதுகு தீயா எரியுது பாப்பா. எடுத்துரட்டுமா?"

"இன்னும் ஒரு நாள்தானக்கா" என்று திருப்பி அனுப்பினேன்.

பிரித்தபோது, குச்சி மருந்தில் கலக்கிற குரோமிய உப்பு வைத்த இடத்தில் மட்டும் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. நோட்டில் மூன்று கூட்டல் குறி போட்டேன். அதற்கு மேல் குறியே கிடையாது. கையையும் முதுகையும் படம் எடுத்தேன்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். "அந்த மருந்து அவிய கைல இனிமே படவே கூடாதுப்பா. ஆயுசுக்கும்." புத்தகத்தில் சிகிச்சையின் முதல் வரி அதுதான். மறுநாள் காலையில் கோமதியக்காவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீதான சொன்ன" என்றார் அப்பா. "நாளைக்குக் கை அழுகிப்போச்சுன்னா எவன் பதில் சொல்லுவான்?"

லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அப்பா என் பேச்சை மதித்துவிட்டார் என்று பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு நான் ஆபீஸுக்குள் போனால் பெண்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பின்வாசலுக்கு வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். "பாத்தியா பாப்பா, சுத்தமா ஆறிட்டு. மொதலாளிட்ட ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாவ."

மாடிக்கு ஓடினேன். கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன் படம் இருந்தது, பின் படம்தான் எனக்குப் பாக்கி. "கைய நேரா வைங்கக்கா" என்று வெயிலில் நிறுத்தி இரண்டு எடுத்தேன். பிறகுதான் சொன்னேன், மறுபடி தொட்டால் மறுபடி வரும், வேறு வேலை பாருங்கள் என்று.

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள். "அப்ப கட்டட வேலைக்குத்தான் போணும். சித்தாளுக்குக் கூப்பிடுதாவ."

"போங்கக்கா, நல்லதுதான்" என்றேன், படச்சுருளைச் சுற்றிக்கொண்டே.

மதுரையில் கைதட்டினார்கள். பின் படம் பிரமாதம் என்றார் ஒருவர். அப்புறம் தேர்வு. குரோமிய ஒவ்வாமை யாருக்கு அதிகம் வரும் என்று ஒரு கேள்வி. நான்கு விடைகளையும் படிக்கவே இல்லை. சிமெண்டு வேலை செய்பவர்களுக்கு. குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஊருக்குத் திரும்பும் ரயில் சாத்தூரைத் தாண்டும்போதுதான் உறைத்தது, சிமெண்டிலும் அதே குரோமியம்தான், கோமதியக்காவைக் கட்டட வேலைக்குப் போகச் சொன்னதும் நான்தான். காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். காலையில் அசந்து தூங்கிவிட்டேன். பிறகு விடைகளைச் சரிபார்த்தேன், பிறகு முடிவு வந்தது, பிறகு சென்னைக்குப் பெட்டி கட்டினேன். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. இதை மட்டும் என்னால் எப்படியும் நியாயப்படுத்த முடியவில்லை.

மூன்று வருஷம் கழித்துப் படிப்பை முடித்து வந்தபோது அப்பா ஆபீஸை மூடிக்கொண்டிருந்தார். இயந்திரத் தீப்பெட்டியோடு கட்டுப்படியாகவில்லை. பழைய ஆட்களிடமெல்லாம், முதலாளி மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதி வாங்கச் சொல்லியிருந்தார் வக்கீல். கோமதியக்காவும் வந்தாள். கைத்தோல் காய்ந்த தாம்புக்கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. நகங்கள் பாதிதான் இருந்தன.

"படிப்பு முடிஞ்சிட்டா பாப்பா?"

"முடிஞ்சிட்டுக்கா."

"நல்லாரு."

கணக்கப்பிள்ளை அவள் கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார். மொழுமொழுவென்று ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. "என்னம்மா, ரேகையே விழலியே. அந்தக் கையக் கொடு." அதுவும் அப்படித்தான்.

"எங்கன போச்சுன்னு தெரியலியே அண்ணாச்சி" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போதும்வே, சாட்சிக்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கிடும்" என்றார் அப்பா. கணக்கப்பிள்ளை காகிதத்தை என் பக்கம் தள்ளினார். போட்டேன். பெயருக்குப் பின்னால் புதுப் பட்டத்தையும் சேர்த்துத்தான் போட்டேன்.