இரண்டு டக்

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் பாவாடைகளாகக் குவியும். மதுக்கரையில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் நான் தைப்பதுதான். அடியில் துணியை உள்ளே மடித்து இரண்டு டக் பிடித்துத் தைப்பேன். பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் போதும், அதே பாவாடை ஓடும். "நெடுநெடுன்னு வளந்துபோட்டாளுங்க, பிரிச்சு உடுங்க" என்று சலித்துக்கொள்வது போலப் பெருமையடித்துக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல் என்ன, பொறாமைதான்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, மூன்று வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறுகிறோம். மற்ற நாட்களில் முடிந்தால் பள்ளிக்கூடம்.

போன வருஷம் முட்டி வலிக்கிறது என்றாள். நடக்கும்போது இரண்டு முட்டியும் உரச ஆரம்பித்தன. பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "எலும்புல வலுவில்லைங்க அம்மணி, பாலைக் குடுங்க" என்றார். பாலும் தயிரும் அளவோடுதான் என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு டம்ளர் பாலில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். காலையும் மாலையும் கொடுத்தேன். "டாக்டர் வேண்டாம்னாங்களேம்மா" என்றவளை அதட்டிக் குடிக்கவைத்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் ஏறியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன். ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடினால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவிக்கொள்ளும், அதனால்தான் எலும்பு மெலிந்து கால் வளைகிறது, வளர்ச்சியும் நின்றுவிடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். பாலில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறதாம்.

"நான் குடுத்த பாலுனாலதானுங்களா?"

"அதனால மட்டும் இல்லைங்கம்மா. டயாலிசிஸ்ல பாஸ்பரஸ் முழுசா வெளிய போகாது. நாங்க குடுக்கற மாத்திரையும் ஓரளவுக்குத்தான்."

அந்த 'மட்டும்' இன்றுவரை என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டோடும் அவளுக்கு அந்த மாத்திரை உண்டு. இப்போது ஒரு வேளைகூடத் தவறாமல் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஜூனில் ஊரார் பாவாடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவளும் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் தைத்தது. இரண்டு டக்கும் அப்படியே இருந்தன.

"இதையும் பிரிச்சு உடுங்கம்மா."

வளர்ந்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அளக்க வேண்டாங்கம்மா, வளரலை. முட்டி தெரியுது. எல்லாரும் காலையே பாக்கறாங்க."

நான் டேப்பைக் கீழே வைத்தேன். இரண்டு டக்கையும் பிரித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வெளுக்காமல் புத்தம்புதிதாக இருந்தது. உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முட்டி மறைந்துவிட்டது. அதற்குக் கீழே கால் வளைந்து அகன்றிருந்தது தெரிந்தது.

"இன்னுங் கொஞ்சம் எறக்க முடியாதாங்கம்மா?"

"அவ்வளவுதான் கண்ணு," என்றேன். "உள்ள துணி இல்லை."