மஞ்சளாய் நின்ற இரண்டாவது வரி

இலங்கையில் சண்டை முடிந்த அடுத்த வருடம், மகளுக்குச் சுனாமி வீடு கொடுத்த அரசாங்கக் கந்தோருக்கு, அந்த வீட்டுப் பதிவில் அவளின் கலியாணத்தைச் சேர்க்கப் போயிருந்தேன். நாங்கள் முஸ்லிம்கள்; கம்பியூட்டரில் இருந்தவ ஒரு தமிழ்ப் பிள்ளை. சின்னப் பொட்டு, கையில் ஒற்றைக் காப்பு. எதையும் சேமிக்குமுன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மாறின வரிகளை மட்டும் வாசிப்பா. அவை திரையில் மஞ்சளாய்த் தெரியும்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், "அழுத்துங்க பிள்ளை, லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாங்க" என்றார்.

அவ அசையவில்லை. "உம்மா, நீங்க மாத்தச் சொன்னது கலியாணம் மட்டுந்தானே?"

"ஓம்."

"மாறினது ரெண்டு. வீட்டுச் சொந்தக்காரர் எண்ட இடத்தில முந்தி மகள்ட பேர், இப்ப மருமகன்ட பேர்."

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதைவிட்டால் அவளுக்கு வேறு ஒன்றுமில்லை.

"மெசினுக்கு நம்மட ஊர் வழக்கம் தெரியா உம்மா. கலியாணம் எண்டதும் வீட்டைத் தூக்கி மாப்பிள்ளைக்குக் குடுத்திட்டுது" என்று சிரித்து, மகளின் பெயரைத் திரும்ப அடித்தா. மஞ்சள் வரி ஒன்றுதான் மிஞ்சியது. பிறகே சேமித்தா.

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். அவவின் பெயர்கூடக் கேட்கவில்லை. இப்போது அந்த வீட்டில் மகளின் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். தொழுதபின் துஆக் கேட்கும்போது கந்தோரில் இருந்த அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்கிறேன். பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் யாரென்று அல்லாஹ்வுக்குத் தெரியுந்தானே.