முடிவைச் சொல்லாதேயுங்கள்

வீட்டு வேலைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: கூட்டுவதும் துடைப்பதும் இலேசு, அந்த வீட்டு விஷயத்தை வாய்க்குள் வைத்திருப்பதுதான் பாரம். தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோவில், எனக்கு வாய்த்த பாரம் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட முடிவுகள்.

சேர்ந்த நாள்

லிபெர்த்தா வீதியில் மூன்றாம் மாடி. மிஸ்டர் வெப் இங்கிலாந்துக்காரர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்; பலெர்மோப் பெண்ணைக் கட்டி, அவரை இங்கேயே அடக்கம் செய்து, தானும் தங்கிவிட்டவர். இருதய வருத்தக்காரர்; அதிர்ச்சி ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

என் தம்பி லண்டனில் இருக்கிறான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சனிக்கிழமைகளில் அங்கே தொலைக்காட்சியில் வரும் ஆட்டத் தொகுப்பை வீடியோவில் பதிந்து அனுப்புவானா? தபால் வரப் பத்து நாளாகும். அதுவரை முடிவு அவர் காதில் விழக்கூடாது. கீழ்வாசல் காவலாளிகூட அவரைக் கண்டால் பத்திரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பாராம்.

"சமைக்கத் தெரியுமா என்று கேட்கமாட்டேன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியுமா?"

தாலிக்கு முந்திய கோல்

கலியாண வீடியோவைச் சொந்தத்தில் எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது எங்கள் வழக்கம். பெட்டியில் தூங்கிய அப்படியொரு பிரதியின் மேல் தம்பி ஆட்டத்தைப் பதிந்துவிட்டான். நடுவரின் விசில் அடங்க, நாதஸ்வரம் எழுந்தது. சேற்று மைதானம் மணவறையானது. முன்வரிசையில், ஆறு வருடமாய் நான் காணாத என் தங்கை. துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. கெட்டிமேளம் முடிந்தபின், "யார் வென்றது?" என்று கேட்டார்.

"அது கனகாலம் போனால்தான் தெரியும்."

"அப்படியென்றால் முடிவைச் சொல்லாதேயுங்கள்."

வெட்டியது போக

தொடக்கத்தில் அந்த நிகழ்ச்சியில் ஒரே ஒரு ஆட்டம்தானாம், அதுவும் கறுப்பு வெள்ளையில். எந்த ஆட்டம் என்பது திரையில் வந்தால்தான் தெரியும். பிறகு இரண்டு, பிறகு வர்ணம், விழுந்த கோல் மெதுவாக மறுபடி விழுந்தது. இப்போது எல்லா ஆட்டங்களிலிருந்தும் துளித்துளி. நல்ல கவிதையும் விட்ட வரிகளால்தானே நிற்கிறது என்றேன்.

அவருடைய ஊர் அணி அந்த வருடம் பட்டியலின் அடியில் கிடந்தது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொகுப்பில் அதற்கு இடமில்லை. அவர் தன் ஊர்ச் சட்டையை இனிக் காணமாட்டார். மனைவியின் படத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"என் கலியாணமும் இப்போது தொகுப்புத்தான். கோல்கள் மட்டும் ஞாபகம்."

மாப்பேணி

கடைசி ஆட்டம் முடிந்ததும் தம்பி தொலைபேசினான்: "அக்கா, தோத்திட்டாங்கள். இறங்கியாச்சு." கசெட் வந்ததும் குசினியில் மாப்பேணியைத் திறந்து மாவுக்குள் புதைத்தேன். மேல்மாடியில் வேலைசெய்த மன்னார் ரஞ்சினி வெங்காயம் கேட்டு வந்தவள், கண்டுவிட்டாள்.

"கிழவனுக்கு என்னத்தைப் போட்டுக் காட்டப் போறியள்?"

"பழசு ஒண்டு. வெண்டது. அவருக்கு எங்கை ஞாபகம்."

"மாதாவே! கொலைகாரி துவக்கை ஒளிக்கிற மாதிரியெல்லோ ஒளிக்கிறியள்!"

கடைசிக் கசெட்

பின்னேரம் பழைய வெற்றியைப் போட்டேன். கோல் விழுந்தது. அவர் கைதட்டவில்லை. கோல்கள் மட்டும் ஞாபகம் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதை டிசம்பரிலேயே பார்த்தேன்," என்றார், கோபமில்லாமல். "முடிவு பத்து நாளாய் உங்கள் முகத்தில் இருக்கிறது."

மா படிந்த கசெட்டை எடுத்துவந்து முந்தானையால் துடைத்தேன். வைத்தியர் சொன்னதை நினைத்துத் தயங்கினேன். அவர் கையை நீட்டினார்.

"போடுங்கள். அவர்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும்."

வாயை மூட எல்லா வீட்டிலும் கற்றுக்கொண்டேன். முகத்தை மூட எந்த வீட்டிலும் கற்றுத்தரவில்லை.