ஓரத்தில் எழுதிய தண்ணீர்

கீழ்மதகுக்காரரான அப்பா இறந்துபோய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. மதகடி அறையைக் காலி செய்து தரச் சொல்லிவிட்டார்கள். மகளே போனாள். நீர்த்திட்ட அலுவலகத்தில் பொறியாளர். மறுநாள் அவளுடைய அறிக்கை மேலிடத்துக்குப் போக வேண்டும். நாட்டுத் தண்ணீரில் பத்தில் எட்டுப் பங்கை வயல்கள் குடிக்கின்றன, வருமானத்தில் பத்தில் ஒரு பங்குதான் தருகின்றன; மேல்மதகில் விடுவதில் கால்வாசியைக் குறைத்துப் புது ஆலைகளுக்குக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

அறையில் ஒரு நாற்காலி, கிரீஸ் டப்பா, முப்பத்தொரு வருடப் பதிவேடுகள். மதகில் விட்ட அளவுக்கு ஒரே ஒரு கட்டம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில், பென்சிலில் இன்னோர் எண்.

"இது என்ன சித்தப்பா?" கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த மேல்மதகுக்காரரிடம் கேட்டாள்.

"அதுவா? எங்க பக்கத்து வயல்ல மிஞ்சி, வடிகால் வழியா உங்கப்பன் மதகுக்கு வர்ற தண்ணி. 'நீ கால் கழுவின தண்ணியிலதான்டா நான் ஒரு ஆலையையே ஓட்டுறேன்'னு தினம் போன்ல வம்பிழுப்பான், படவா." சிரிக்கப் போனவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுவலகம் கட்டத்தை மட்டும் கணினியில் ஏற்றியிருந்தது. இரண்டு மதகின் அளவையும் அவள் கூட்டியிருந்தாள். மேலே மிஞ்சி வடிந்த தண்ணீரே கீழேயும் எண்ணப்பட்டிருந்தது. மேலே குறைத்தால் மிச்சம் ஆவது ஒன்றுமில்லை. கீழே வயலும் காயும், ஏற்கெனவே ஓடும் நூல் ஆலையும் நிற்கும்.

போன மாதம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "ஏம்மா, ஒரே தண்ணிய எத்தனை தடவை எண்ணுவீங்க?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்பா. நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டார். மறுபடி கேட்கவில்லை. எழுதுவதை மட்டும் விடவில்லை. கடைசி எண், ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை எழுதியது.

மேலதிகாரிக்குப் போன் செய்தாள். "சார், அறிக்கை நாளைக்கு வராது. ஒரே தண்ணிய ரெண்டு தடவை கூட்டிட்டேன்."

"கடைசி நேரத்துல குண்டு போடுறீங்களே! யார் சொன்னது?"

"கீழ்மதகுக்காரர்."

"மதகுக்காரர் பேச்சைக் கேட்டா நாம அறிக்கை எழுதுறது?"

"கேக்காம எழுதினதுலதான் சார் தப்பு."

போனை வைத்தாள். நன்றி சொல்ல ஆள் இல்லை. பென்சிலையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வடிகால் வாய்க்கு இறங்கினாள். அளவுக்கல்லில் நீர்மட்டத்தை இரண்டு முறை பார்த்தாள். அன்றைய எண்ணை ஓரத்தில் எழுதினாள்.