நாலாம் வகுப்புக்காகக் கட்டிய பிராது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். வாத்தியாரைக் குறைத்துப் பேசினால் பாவம் என்பார்கள். அதற்காக நான் தயங்கவில்லை. அந்த வாத்தியாரை எவ்வளவு குறைத்தாலும் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை. இதில் என் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது, அதுவும் சாமி சம்பந்தப்பட்டது. தயக்கம் அதனால்தான். இன்று காலையில் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்துவிடுகிறேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் இருந்தேன். பொம்மை அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிற வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. என் மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தாள்.

அவளுடைய வாத்தியார் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் முகம் கழுவி, பவுடர் போட்டு, செல்போனைத் துடைத்து மேசை மேல் வைப்பார். அன்றைய வேலையில் பாதி அதோடு முடிந்தது. பாடம் நடத்த வண்ண வண்ணமாகப் பட அட்டைகள் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடுமாம். அதிகாரி வந்து பார்க்கும்போது புதுசாக இருக்க வேண்டுமாம்.

அவர் சொல் வகை சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதான். பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல் என்று நாலையும் போர்டில் எழுதினார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைப்படி ஆளுக்கு ஒரு பதிலை மனப்பாடம் செய்யக் கொடுத்தார். முதல் பையனுக்கு "பெயர்ச்சொல், மரம்". அடுத்த பிள்ளைக்கு "வினைச்சொல், ஓடினான்". அவரவர் பதில் அவரவருக்கு; அடுத்தவன் பதில் எதற்கு? கோயில் சுண்டல் மாதிரி ஆளுக்கு ஒரு பிடி. சுண்டலாவது வயிற்றுக்குள் போகும்.

என் மகள் எழுந்து கேட்டிருக்கிறாள்: "சார், சுடுறான்னா வினைச்சொல்லுன்னீங்க. எங்கப்பா சூளையில சூடு பத்தலன்னு சொல்வாரு. அந்தச் சூடு என்னா சொல்லு சார்?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தால் அவர் இருக்கும் திசைக்கு நான் கும்பிடு போட்டிருப்பேன். "உன் மண்டையில இருக்குறது களிமண்ணு. உக்காரு" என்றார்.

களிமண்ணைப் பற்றி அந்த ஆளுக்கு என்ன தெரியும்? ஊற்றினால் அச்சில் இருக்கிற மூக்கு, காது, சேலை மடிப்பு வரைக்கும் அப்படியே வாங்கிக்கொள்ளும். அந்தப் புத்தி அவருக்கு இருந்திருந்தால் வகுப்பு உருப்பட்டிருக்கும்.

இரண்டு நாள் கழித்து மகள் பையைத் தூக்கி மூலையில் போட்டாள்.

"வியாழக்கெழம ஸ்கூல பாக்க ஏ.இ.ஓ. ஆபீசரு வராங்களாம்ப்பா. என்னிய வூட்டுலயே இருக்கச் சொல்லிட்டாரு. எடக்குமடக்கா கேள்வி கேப்பேனாம். என் எடத்துல அஞ்சாவது படிக்கிற பையன உக்கார வக்கப்போறாரு."

மறுநாள் கம்பெனிக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் நுழைந்தேன்.

"ஒரு நாளுதானங்க, வூட்டுல வச்சிக்கிங்களேன். ஸ்கூலு மானம் போயிடக் கூடாது பாருங்க" என்றார்.

"எம் பொண்ணு உக்காந்தா மானம் போயிடுமா சார்?"

"நீங்க எத்தினாவது படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது சார்."

"அதான்" என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது மணிகூட அடிக்கவில்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பிராது கட்டிடலாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் நம் குறையைத் தாளில் எழுதிச் சாமியிடம் வைத்து, அங்கே இருக்கும் வேலில் கட்டிவிட வேண்டும். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். திருட்டு, பங்காளிச் சண்டை, எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள்.

அன்று சாயந்தரமே மூன்று பேரும் போனோம். என் கையெழுத்து கோணல் என்பதால் மகளை எழுதச் சொன்னேன். வாத்தியார் ஊர், பேர், செய்த அக்கிரமம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். வாய் கூசுகிற மாதிரி ஒரு சாபமும் சொன்னேன். எழுதியதை வாங்கிப் பார்த்தால் ஒரே வரி. "சாமி, வியாழக்கிழமை நான் என் இடத்தில் உட்கார வேண்டும்."

"நான் சொன்னது எங்கடி?"

"எனக்கு எடந்தானப்பா வேணும். சாரு எதுக்கு?"

அப்படியே கட்டிவிட்டு வந்தோம்.

புதன்கிழமை பிள்ளைகள் வாய் வழியாகச் சேதி அவருக்குப் போய்விட்டது. சாயந்தரம் அவரே வீடு தேடி வந்தார். பவுடர் எல்லாம் வேர்வையில் கரைந்திருந்தது. பெற்றவனுக்குப் பயப்படாதவர், படிப்புக்குப் பயப்படாதவர், ஒரு முழம் நூலில் தொங்கிய தாளுக்குப் பயந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

"என்னாங்க இது, வாயால சொன்னா நான் கேக்க மாட்டனா? எம் பேர எழுதிட்டீங்களா?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"காலையில பஸ்ஸுல ஏறுறப்ப காலு பெரண்டுடுச்சிங்க. எனக்குச் சின்னச் சின்ன புள்ளைங்க இருக்குது. வாபஸ் வாங்கிடுங்க."

வீட்டுக்காரி உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்: "எட்டாவது படிச்சவரு கட்டுனதுக்கு ஏன் சார் பயப்படுறீங்க?"

"தாளில் உங்கள் பெயரே இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "நாளைக்கி பாப்பா அது எடத்துல உக்காரட்டும் சார், அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவர் அப்படிக் குனிந்து போனதைப் பார்க்க எனக்கு இனிப்பாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை மகள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அதிகாரி கடைசி வரிசையிலிருந்து கேட்க ஆரம்பித்தார். வாத்தியார் முதல் வரிசையிலிருந்து ஓதிவைத்திருந்தார். வினைச்சொல் கேட்டால் "மரம் சார்" என்று ஒருத்தன் கத்தினான். என் மகள் முறை வந்தது. நாலு வகைக்கும் உதாரணம் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தச் சூட்டையும் கேட்டாள்.

அதிகாரி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "நல்ல கேள்வி. உங்க சாரக் கேளும்மா" என்று சொல்லிவிட்டுக் கலர் சோடா குடித்தார், கையெழுத்துப் போட்டார், ஜீப்பில் ஏறினார். அவரும் இவரும் ஒரே அச்சில் ஊற்றின பொம்மைகள்தான். உள்ளே வெறும் காற்று.

ஞாயிற்றுக்கிழமையே போய் வாபஸ் வாங்கிவிட்டேன். மகள் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குமேல் தாளை அங்கே விடுவது முறையில்லை. ஆனால் வாத்தியாரிடம் மூச்சு விடவில்லை. வருஷம் முடிகிறவரைக்கும் அவர் "பாப்பா, நீ சொல்லும்மா", "பாப்பா, தண்ணி குடிச்சியாம்மா" என்று அவளைத் தாங்கினார். பீரோகூடத் திறந்தது. அட்டைகள் அழுக்காயின. அத்தனையும் பயத்தில் செய்தது. ஒரு நாள்கூட அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு வரவில்லை.

சாமி பேரைச் சொல்லி ஒரு மனுஷனை வருஷம் முழுக்க மிரட்டிவைத்தேன். இது நான் செய்த தப்பு. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை வரவில்லை. இதுவும் உண்மை.

இப்போது எங்கள் தெருவில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. கொளஞ்சியப்பர் அந்த வாத்தியாருடைய காலை உடைத்தார் என்கிறார்கள். அது பொய். சாமியிடம் அவரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை. படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என் மகள் எழுதியது ஒரே வரி. அதில் இல்லாத ஆளை நீங்களும் சேர்த்துவிடாதீர்கள்.