மாதப்பன் போட்ட கட்டு

எங்கள் தெருவில் மாதப்பன் என்று சொன்னால், "சினிமாவில் கை மட்டும் நடித்தாரே, அவரா?" என்றுதான் இப்போது கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வருடம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிய வாய்கள் எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். இன்றைக்கும் ரீசார்ஜ் பண்ண என் கடைக்குத்தான் வருகிறார்கள். நானும் பண்ணிக் கொடுக்கிறேன், வேறு என்ன செய்ய?

நான் தாரணி. மைசூரில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். அப்பா ரயில்வேயில் இருந்ததால் பிறந்து வளர்ந்து படித்தது எல்லாம் இங்கேயேதான். பள்ளியில் கன்னடம், தமிழ் எழுத்து அம்மா அடித்துச் சொல்லிக் கொடுத்தது. மாதப்பன் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கௌதள்ளி என்ற ஊர்க்காரர். இருபது வருடத்துக்கு முன்னால் கட்டட வேலைக்கு வந்தவர், எங்கள் தெருவின் கடைசி வீட்டில் மனைவி சித்தம்மாவோடு குடியிருக்கிறார். என்னை அம்மிணி என்பார். நான் அண்ணா என்பேன்.

அவர் வேலை சாரம் கட்டுவது. கட்டடம் எழும்ப எழும்பச் சவுக்குக் கம்பங்களை நிறுத்தி, குறுக்கே கம்பு கொடுத்து, கயிற்றால் பிணைத்து, மேலே பலகை போட வேண்டும். அந்தப் பலகையில் நின்றுகொண்டுதான் மற்றவர்கள் பூசுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். சாரம் கட்டுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். ஒரு பலகையைக் கையளவு நகர்த்த வேண்டுமென்றாலும் அவனைக் கூப்பிட வேண்டுமே தவிர, வேறு ஒருவன் கயிற்றில் கை வைக்கக் கூடாது.

போன வருடம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மாதப்பன் கட்டிய சாரத்தில் பலகை சரிந்தது. அதில் நின்று பூசிக்கொண்டிருந்த கெம்பையன் என்ற பையன் கீழே மணல் குவியலில் விழுந்தான். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். தோள் எலும்பு முறிந்துவிட்டது. எல்லோரும் ஓடிப்போய் மேலே பார்த்தபோது ஒரு கயிறு அறாமல் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு அறுந்திருந்தால் பழி கயிற்றின் மேல் போயிருக்கும். அறாமல் அவிழ்ந்து தொங்கியதால் பழி கட்டினவர் மேல் வந்தது. என்ன நடந்தது என்று கெம்பையனைக் கேட்டார்கள். தெரியாது என்றான்.

காண்ட்ராக்டர் விஜய்குமார் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்ச நாள் சாரம் பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடம் ஆனது. நாலு பேரை வைத்து வேலை வாங்கியவர் மண் சுமந்தார். ஆரம்பத்தில், "என்ற கட்டு அவுந்து உட்டுப்போகாதுங்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தப் பட வேலை வந்து சேர்ந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ஒரு பாழடைந்த மில்லில் ஷூட்டிங். விளக்குகளை உயரத்தில் கட்டச் சாரம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். சினிமாக்காரர்களுக்கு இவர் மேல் இருந்த பழி தெரியாது, இவரும் போனார். கதை என்னவென்றால், கடத்தப்பட்ட ஒரு பெண்ணைத் தேடிப் போகிற பெரிய துப்பறிவாளனையே கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். தன்னைக் கடத்த வருகிறவனைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் ஊரில் யாரைக் கண்டுபிடிக்கப் போகிறான்? நான் கேட்டேன். மாதப்பன் அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றார்.

துப்பறிவாளனை நாற்காலியில் கட்டிப் போடுகிற காட்சியில் வில்லனுடைய கை மட்டும் தெரிய வேண்டும். காய்ப்புக் காய்த்த மாதப்பன் கையைப் பார்த்த டைரக்டர், இந்தக் கையே இருக்கட்டும் என்றார். பார்க்க இறுக்கமாகத் தெரிய வேண்டும், ஆனால் ஹீரோ உதறினால் அவிழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மாதப்பன் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, சாரத்துக்குப் போடுகிற தன் முடிச்சையே போட்டு வைத்தார். ஹீரோ முறுக்கினார், திமிறினார், முகம் சிவந்தார், நாற்காலியோடு சாய்ந்தார். கட்டு அசையவில்லை. ஏன் அண்ணா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "லூசா கட்டச் சொன்னா எப்படிக் கட்டறதுன்னே தெரியல அம்மிணி" என்றார்.

டைரக்டருக்கு அந்தத் திமிறல் பிடித்துப்போய், எடுத்துக்கொண்டார். வேறு ஆட்கள் அவிழ்க்க வந்தபோது மாதப்பன் விடவில்லை. தானே போய் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டார். ஆனால் கதைப்படி ஹீரோ தப்பிக்க வேண்டுமே. சாப்பாட்டுக்கு அப்புறம் ஓர் உதவி டைரக்டர் ஏதோ ஷூ லேஸ் கட்டுவது போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். ஹீரோ இரண்டு உதறலில் எழுந்து நின்றார். அது தான் போட்ட கட்டு இல்லை என்று மாதப்பன் டைரக்டரிடம் போய்ச் சொன்னாராம். அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் சிரித்தாராம்.

யார் பார்க்கப் போகிறார்களா? மாதப்பனின் இடது மணிக்கட்டில் சித்தம்மா என்று பச்சை குத்தியிருக்கும். மைசூரில் கட்டட வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு அந்தக் கை தெரியும். முதல் காட்சியில் அந்தக் கை கட்டும், அடுத்த காட்சியில் கட்டு பொலபொலவென்று அவிழும். அவருடைய பழிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? போதாக்குறைக்கு நஞ்சன்கூடு பக்கம் ஒரு ஊர்க் கோயில் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை விஜய்குமார் எடுத்திருந்தார். கோபுரத்துச் சாரத்துக்கு மாதப்பனைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு. "படத்தைப் பாத்தா அவரு கூப்பிட மாட்டாருங் அம்மிணி" என்று சொல்லிவிட்டு மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

படம் வெள்ளிக்கிழமை செல்போனில் வெளியானது. ஞாயிறு மத்தியானம் என் கடைக் கம்ப்யூட்டரில் அவரும் சித்தம்மாவும் நானும் பார்த்தோம். பச்சை குத்திய தன் பெயர் திரை முழுக்க வந்ததும் சித்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிமிடம் கட்டு அவிழ்ந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு மாதப்பன் கடைக்கு வந்து, ஜனங்கள் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். கருத்துகள் எல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தன. அன்றையிலிருந்து தினமும் அவர் ஸ்டூலில் உட்காருவதும் நான் படித்துத் தமிழில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ஒருவர் இடைவேளை வரை பரவாயில்லை என்றார். ஒருவர், கடத்தப்பட்டவன் பாக்கெட்டில் போன் இருக்கிறதே, போலீஸுக்கு மூளை இல்லையா என்றார். ஓர் அம்மாள், கதாநாயகி கட்டியிருந்த புடவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். இன்னொருவர் தன் மாமாவைப் பற்றிப் பதின்மூன்று வரி எழுதியிருந்தார், ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மாதப்பன் எல்லாவற்றையும் பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி கேட்டார்.

இரண்டாம் நாள் ஒரு கருத்தில் தடுக்கி நின்றேன். தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "மறைக்காத, படி அம்மிணி" என்றார். கயிறு கட்டக்கூடத் தெரியாத தண்டத்தையெல்லாம் கடத்தல்காரனாகப் போட்டால் படம் எப்படி உருப்படும் என்று ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார். படித்துச் சொன்னேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எழுதினவனைப் பிடித்து மூன்றாம் மாடிச் சாரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான்காம் நாள் ஒரு நீளமான கருத்து வந்தது. எழுதியவர் இருபத்திரண்டு வருடமாக லாரியில் பாரம் கட்டுகிறவராம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். முதலில் காட்டுவது இரண்டு சுற்றுப் போட்டு நடுவில் இறுக்கின கட்டு, தப்பிக்கும்போது காட்டுவது யாரோ குழந்தை போட்ட ஒற்றைச் சுற்று, எங்களையெல்லாம் முட்டாள் என்று நினைத்தீர்களா என்று டைரக்டரைப் பிடிபிடியென்று பிடித்திருந்தார். முதல் கட்டைப் போட்ட மனிதர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம் என்று முடித்திருந்தார். இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமும் போட்டிருந்தார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பந்தல் போடுகிறவர், பரிசல் ஓட்டுகிறவர், மாடு வளர்க்கிறவர் என்று கயிற்றோடு பழகினவர்கள் எல்லாம் கிளம்பி வந்துவிட்டார்கள். முதல் கட்டையே விட்டு வைத்திருந்தால் துப்பறிவாளர் இன்றைக்கும் அந்த மில்லில்தான் உட்கார்ந்திருப்பார் என்று ஒருவர் எழுதியதைப் படித்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாதப்பன் சிரிக்கவில்லை. அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். மூன்றாம் தரம்தான் சிரித்தார். ஒரு வருடத்துக்கு அப்புறம் அவர் பல்லைப் பார்க்கிறேன்.

அடுத்த நாள் காலையில் விஜய்குமாரே கடைக்கு வந்து, போனில் அந்த இரண்டு கட்டுப் படத்தை நீட்டி, இது நம் மாதப்பன் கைதானே என்றார். பச்சை குத்தியிருப்பதைப் படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். அங்கேயே நின்று மாதப்பனைப் போனில் கூப்பிட்டு, திங்கட்கிழமை கோபுர வேலைக்கு வந்துவிடு என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மாதப்பன் இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மனிதர் ஒரு வருடம் மண் சுமந்தார்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. சாயங்காலம் கேட்டும் காரணம் சொல்லவில்லை.

மறுநாள் கெம்பையன் வந்தான். தோள் இன்னும் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கிறது. இப்போது ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேன். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு கருத்து எழுத வேண்டும், தனக்கு டைப் பண்ண வராது என்றான். சொல், அடிக்கிறேன் என்றேன். அவன் சொல்லச் சொல்ல என் விரல் நின்றுவிட்டது.

அன்றைக்குப் பலகை கொஞ்சம் தள்ளி இருந்ததாம், கை எட்டவில்லையாம். மாதப்பன் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தார். கூப்பிட்டால் நேரம் ஆகும் என்று இவனே கட்டை அவிழ்த்துப் பலகையை நகர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி வைத்தானாம். அப்புறம் அதை அவரிடம் சொல்லி இறுக்க மறந்தே போனான். சாரத்தில் கை வைத்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரியில் தெரியாது என்றவன், அதற்கப்புறம் வாயைத் திறக்கவே இல்லை.

"படத்துல ரெண்டாவதா ஒரு கட்டு காட்டறாங்கல்லக்கா," என்றான். "அது நான் போட்ட சுத்து மாதிரியே இருந்துச்சு. அன்னைக்கிருந்து சோறு எறங்கல."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்து வெளியே போய்விட்டார். கெம்பையன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றான். மாதப்பன் முகத்துக்கு நேரே போய்ச் சொல் என்றேன். கட்டாயம் சொல்கிறேன், ஆனால் அவரைப் பேசினவர்கள் எல்லாம் பார்க்கிற இடத்தில் முதலில் எழுதுங்கள், என் பெயரும் ஊரும் போட்டு எழுதுங்கள் என்றான். கன்னடத்தில் அடித்து, மாதப்பன் படிக்கக் கீழே தமிழிலும் அடித்தேன்.

ஐந்தரைக்கு மாதப்பன் வந்தார். இன்றைக்கு நீங்களே படியுங்கள் என்று போனை அவர் கையில் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். கெம்பையன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐந்து நிமிடமாவது இருக்கும்.

"என்ற கட்டுத்தான் உட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேன் அம்மிணி," என்றார். "கோபுரத்துல ஆளை ஏத்த எனக்கு தைரியம் இல்ல. இந்தக் கை ஒரு பையனைத் தள்ளி உட்ருச்சுன்னு ஒரு வருசமா நெனச்சிட்டிருந்தேன்."

விஜய்குமாருக்குப் போன் போடச் சொன்னார். என் கண்ணும் மறைத்ததில் முதல் தடவை வேறு யாருக்கோ போட்டுவிட்டேன். இரண்டாம் தடவை சரியாகக் கிடைத்தது. திங்கட்கிழமை விடியற்காலையிலேயே வந்துவிடுகிறேன், கயிற்றை மட்டும் நானே பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று மாதப்பன் சொன்னார்.